அந்தக் குரல் பெட்டி யாருடைய கணக்கில் ஓடுகிறது?

திருநகரில் கணவருடன் வசிக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் சென்ற முறை ஊருக்கு வந்தபோது கூடத்தில் அமேசான் கம்பெனியின் அலெக்சா ஸ்பீக்கர் ஒன்றை, அதாவது நாம் சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லும் குரல் பெட்டியை, வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் பக்திப் பாடல் கேட்பது, மாத்திரை நேரத்தை நினைவூட்டச் சொல்வது என்று அம்மாவுக்கு அது நன்றாகவே பழகிவிட்டது. ஐயாவுக்கு மட்டும் ஒட்டவில்லை. பணமோ நகையோ வரன் பேச்சோ, எதுவானாலும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுகிறாராம். "நாள் முழுக்க நாங்கள் பேசுவதை அது ஒட்டுக்கேட்கிறதா? பேசாமல் தூக்கிப் போட்டுவிடலாமா?" என்பது கேள்வி.

அம்மா, ஐயா மாடிக்குப் போவதை யாரும் கேலி செய்ய வேண்டாம். "பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. சிம்மக்கல்லிலும் மாசி வீதிச் சந்துகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு, எந்தப் பேச்சை எங்கே வைத்துப் பேசுவது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய எச்சரிக்கை சரியானது. அவர் சந்தேகப்படும் ஆள்தான் வேறு என்று நினைக்கிறேன். மதுரையில் 14 ஆண்டுகளாக வீடுகளுக்கு வைஃபை, கண்காணிப்பு கேமரா, இந்த மாதிரிக் குரல் பெட்டிகள் எல்லாம் பொருத்தித் தரும் வேலையில் இருக்கிறேன். இந்தப் பெட்டிகளால் ஒரு வீட்டில் மனவருத்தம் வந்ததைப் பார்த்த இடங்களில் எல்லாம், பேச்சு போய்ச் சேர்ந்தது வீட்டு மனிதர்களிடம்தான். ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பெட்டி யாருடைய கணக்கில் ஓடுகிறது என்பதை.

அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: நாள் முழுவதும் அது பதிவு செய்து அனுப்புவதில்லை. ஆனால் நாள் முழுவதும் காதைத் திறந்து வைத்திருக்கிறது.

உள்ளே இருக்கும் மைக் எப்போதும் வேலை செய்யும். கடைசிச் சில நொடிகளின் சத்தத்தை மட்டும் பெட்டி தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதிய சத்தம் வர வரப் பழையது அழிந்துகொண்டே போகும். அந்தச் சத்தத்தில் "அலெக்சா" என்ற ஒலி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இருக்கிறது என்று அது நினைத்தால் நீல விளக்கு எரியும். அதிலிருந்துதான் உங்கள் பேச்சு இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. பதில் திரும்பி வந்த பிறகும் கதை முடிவதில்லை. நீங்கள் சொன்னது ஒலியாகவும் எழுத்தாகவும், நாளும் நேரமும் போட்டு, கணக்கில் உட்கார்ந்திருக்கும். கூகுள் பெட்டியும் அழைப்புச் சொல்லைக் கண்டுகொள்வது இப்படித்தான். ஒலிப்பதிவைச் சேமிப்பதற்கு மட்டும் அங்கே தனி அமைப்பு உண்டு.

இதை நம்புவது எப்படி என்று ஐயா கேட்பார். கேட்கத்தான் வேண்டும். அவருக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள். பேச்சை எவ்வளவுதான் சுருக்கினாலும், புரியும்படி அனுப்ப நொடிக்குச் சுமார் 16 கிலோபிட்டாவது ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குக் கூட்டினால் ஏறத்தாழ 170 மெகாபைட். அவ்வளவு தரவு ஒவ்வொரு நாளும் வீட்டை விட்டு வெளியே போனால் மறைக்க முடியாது. பல ரௌட்டர்களில் எந்தக் கருவி எவ்வளவு அனுப்பியது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். யாரும் பாட்டுக் கேட்காத, பேச்சுக் கொடுக்காத ஒரு நாளில், அந்தப் பெட்டி அனுப்பிய அளவை இணைப்புக் கொடுத்தவரிடம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதே வழியில் போனதுதான். பெட்டிகளின் முன்னால் தொலைக்காட்சித் தொடர்களை ஓடவிட்டு, என்ன நடக்கிறது என்று நாள்கணக்கில் கவனித்தார்கள். இடைவிடாமல் பதிவு செய்வதற்கான அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் யாரும் கூப்பிடாமலே பெட்டிகள் விழித்துக்கொண்டன. சில பெட்டிகள் ஒரு நாளில் 19 தடவை வரை விழித்தன.

விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காது தவறாகக் கேட்கும். அதே 2020இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பெட்டிகளைத் தவறாக எழுப்பும் சொற்களையும் சொற்றொடர்களையும் தேடி 1000க்கு மேல் கண்டுபிடித்தார்கள். அவையெல்லாம் ஆங்கிலம், ஜெர்மன், சீன மொழிகளில். தமிழ் வீட்டில் எது எழுப்பும் என்பதை நாமேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் அலெக்ஸ் என்று ஒரு பையன் இருந்தால் அவனை நீட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கும் இடத்திலிருந்து "அலசியாச்சா?" என்று குரல் கொடுத்துப் பாருங்கள். நீல விளக்கு எரிகிறதா என்று ஐயாவைப் பெட்டிக்கு அருகில் நிற்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்; அவருடைய பயத்துக்கும் ஓர் அளவு கிடைத்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனிப் பெட்டி என்பதை விட்டுவிடுங்கள், எல்லாவற்றிலும் நடக்கக்கூடியதுதான். பசுமலைப் பக்கம் வயதான ஒரு தம்பதி. சித்திரைத் திருவிழாவுக்கு மகன் வந்திருந்தார். நான் ரௌட்டர் மாற்றப் போயிருந்தேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியை அந்த அம்மாவும் கேட்டார். மகனிடம் செயலியைத் திறந்து பழைய பதிவுகளைக் காட்டச் சொன்னேன். வரிசையாக வந்தது: பாட்டு, மழை, பாட்டு, அலாரம். நடுவில் ஒரு வரி மங்கலாக இருந்தது; கருவியிடம் சொன்னதாகத் தெரியவில்லை என்று அதில் குறிப்பு. மகன் சிரித்துக்கொண்டே அதைத் தட்டினார். குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம், எவர்சில்வர் தட்டு ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் சத்தம், பிறகு அம்மாவின் குரல், தங்கையிடம்: "வளையல் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. அவனிடம் சொல்லிவிடாதே." அவ்வளவுதான். மொத்தம் எட்டு நொடி இருக்கும். மகன் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். அம்மா எதுவும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

அங்கே யாரும் திருடவில்லை, எந்தக் கருவியும் பழுதாகவில்லை. மகன் நல்லவர்; அவருக்கே அப்படி ஒரு பதிவு இருப்பது தெரியாது. ஆனாலும் அடகு வைத்ததை மகனிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்த அம்மாவுடையது. அது எட்டு நொடியில் அவர் கையை விட்டுப் போயிற்று. அந்தப் பதிவு அதற்கு முன்பே பல மாதங்களாக மகனின் கைபேசியில் இருந்திருக்கிறது. அம்மாவின் கைபேசியில் அந்தச் செயலியே இல்லை. தன் குரல் எங்கே சேர்கிறது என்பதைப் பார்க்க அவருக்கு ஒரு வழியும் இல்லாமல், வழி முழுவதும் இன்னொருவர் கையில் இருந்தது. எனக்கு இன்றைக்கும் மனதை அறுப்பது அதுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்க வேண்டும். வாங்கியவர் மகன், தன் கணக்கில் இணைத்துக் கொடுத்தவர் மகன். அப்படியென்றால் நீங்கள் பெட்டியிடம் பேசியதும், பெட்டி தவறாக விழித்துப் பிடித்ததும் அவருடைய கணக்கில்தான் இருக்கும். அவர் ஒருபோதும் திறந்து பார்த்திருக்க மாட்டார் என்றே நம்புவோம். ஆனால் அவருடைய கைபேசி கிடைத்த யாரும் பார்க்கலாம். கணக்கு கைமாறினால் இன்னும் மோசம். 2018இல் ஜெர்மனியில் ஒருவர் தன்னைப் பற்றி அமேசான் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டு எழுதினார். அவரிடம் அலெக்சா பெட்டியே கிடையாது. ஆனால் முன்பின் தெரியாத வேறொருவரின் சுமார் 1700 குரல் பதிவுகள் அவருக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கேட்ட ஒரு பத்திரிகை, பேசியவர் யார் என்பதையே கண்டுபிடித்துவிட்டது. நிறுவனம் அதை மனிதத் தவறு என்று சொன்னது.

பதிவைவிட நான் அதிகம் கவலைப்படுவது டிராப் இன் என்ற வசதியைப் பற்றி. அனுமதி கொடுத்து வைத்திருந்தால், மகன் தன் கைபேசியிலிருந்து உங்கள் கூடத்துப் பெட்டியோடு நேரடியாக இணைந்துவிடலாம். நீங்கள் எடுக்க வேண்டியதில்லை, பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மெல்லிய ஒலி, பச்சை விளக்கு, அதோடு அவருக்குக் கூடம் கேட்கத் தொடங்கிவிடும். திரை உள்ள பெட்டியாக இருந்தால் படமும் வரும். அப்பா வழுக்கி விழுந்து கிடந்தால் குரல் கொடுக்கலாமே என்ற அக்கறையில் தொலைவில் இருக்கும் பிள்ளைகள் இதைத் திறந்து வைக்கிறார்கள். அந்த அக்கறை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கண்புரை உள்ளவருக்குப் பச்சை விளக்கு தெரியாது, காது மந்தமானவருக்கு அந்த ஒலி கேட்காது. பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு திறந்து வைப்பது ஒன்று. சொல்லாமல் வைப்பது கதவைத் தட்டாமல் படுக்கையறைக்குள் வருவது. மகனிடம் இதை நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கருவியின் அமைப்பில் தகவல் தொடர்பு என்ற பகுதியில் அணைத்துவிடலாம்.

இனி கம்பெனிப் பக்கம். அங்கே எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், அலெக்சா பதிவுகளை மனிதர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார்கள் என்பதை வெளியே கொண்டுவந்தது. பாஸ்டன், கோஸ்டாரிக்கா, ருமேனியா, நம் இந்தியா என்று பல இடங்களில் ஆட்கள்; ஒரு பணிநேரத்தில் 1000 துணுக்குகள் வரை கேட்டதாக ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டின் ஊழியர்கள் சொன்னார்கள். குளிக்கும்போது ஒரு பெண் சுதி தவறிப் பாடியதுகூட அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி ஒளிபரப்பு நிறுவனம், கூகுளின் குரல் உதவியாளரான அசிஸ்டன்ட்டின் பதிவுகள் 1000க்கு மேல் தன்னிடம் கிடைத்ததாகவும், அவற்றில் 153 யாரும் அழைக்காமலே பதிவானவை என்றும் சொன்னது. அதே மாதம் ஆப்பிளின் குரல் உதவியாளரான சிரி பற்றி இதே புகார் வந்தது. ஆப்பிள் அந்த வேலையை நிறுத்திவைத்து, பிறகு பயனர் சம்மதித்தால் மட்டுமே என்று மாற்றியது. சிரி பற்றிய ஒரு வழக்கில் 9.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டது.

குழந்தைகள் விஷயத்தில் அமேசானுக்கு 2023இல் அமெரிக்காவில் 2.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. பிள்ளைகளின் குரல் பதிவுகளைக் காலவரையறை இல்லாமல் வைத்திருந்தது, பெற்றோர் அழிக்கச் சொன்ன பிறகும் எழுத்து வடிவத்தை வைத்துக்கொண்டது ஆகியவை குற்றச்சாட்டுகள். பதிவைக் கம்பெனிக்கு அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே எழுத்தாக மாற்றும் ஒரு வசதி அமெரிக்காவில் சில மாதிரிகளில் இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், கம்பெனி உங்களைக் குறிவைத்து ஒட்டுக்கேட்பதாக எனக்குத் தோன்றவில்லை. வந்து விழுந்ததை விட மனமில்லாமல் சேர்த்து வைக்கிறது என்பதுதான் எனக்குப் புரிவது.

சட்டம் காப்பாற்றுமா என்றால், ஓரளவுக்கு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவை அழிக்கச் சொல்லும் உரிமை, 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம், 250 கோடி ரூபாய் வரை அபராதம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் ஒரு தனிமனிதர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பசுமலை மேசையில் நடந்தது போன்ற ஒன்றை அந்தச் சட்டம் தொடாது. வீட்டுக்குள் இருப்பதை வீட்டுக்குள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

ஆகவே தூக்கிப் போட வேண்டாம், அம்மா. காலைப் பாட்டு உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அதை ஏன் இழக்க வேண்டும்? உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில் ஒரு கணக்குத் தொடங்கி, பெட்டியை மகனின் கணக்கிலிருந்து விலக்கி அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நீங்களே அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். பிறகு செயலியில் அலெக்சா பிரைவசி என்ற பகுதிக்குப் போனால் அந்தக் கணக்கில் சேர்ந்த பதிவுகளைக் கேட்கலாம், அழிக்கலாம். முதலில் நீங்களும் ஐயாவும் மட்டும் உட்கார்ந்து கேளுங்கள், மற்றவர்கள் இல்லாத நேரத்தில். பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று அங்கே கேட்கும். சேமிக்கவே வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பதிவுகளை மனிதர்கள் கேட்டுச் சரிபார்க்க அனுமதிக்கும் பொத்தானும் அதே பகுதியில் இருக்கும், அதையும் அணையுங்கள். பழைய கணக்கில் தங்கிவிட்டதை மகன்தான் அழிக்க வேண்டும். கேட்காமலே அழித்துவிடு என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளை கேட்பார்.

ஒரு சின்ன விஷயம், என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. பெட்டி விழிக்கும்போதும் கேட்டு முடிக்கும்போதும் ஓர் ஒலி எழுப்பும்படி அமைப்பில் மாற்றலாம். முதியவர்கள் இருக்கும் வீடுகளில் நான் முதலில் செய்து கொடுப்பது அதைத்தான். விளக்கைப் பார்க்காதவரும் அந்த ஒலியைக் கேட்டுப் பேச்சை நிறுத்திக்கொள்வார். சொல் அடிக்கடி குழம்புகிறது என்றால் அழைப்புச் சொல்லை "கம்ப்யூட்டர்" என்றோ "எக்கோ" என்றோ மாற்றிப் பார்க்கலாம். பெட்டியின் தலையில் மைக் படம் போட்ட பொத்தான் இருக்கும். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், மைக் அணைந்துவிடும். மின்தடை வந்து போன பிறகு அந்தச் சிவப்பு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வரன் வீட்டார் வந்து பேசும் நாளில் பொத்தானையும் நம்ப வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா, மாலையில் கூடத்தில் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள், குழாய் ரிப்பேருக்கு வருபவர், இவர்கள் யாரும் அந்தப் பெட்டிக்குச் சம்மதம் கொடுத்தவர்கள் இல்லை. வேலைக்கு வரும் பெண் தன் வீட்டுக் கஷ்டத்தை உங்களிடம் சொல்லி அழும்போது, கூடத்து மூலையில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காட்டிச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் மைக்கை அணைத்து வையுங்கள். அடகுக் கடைச் சீட்டைப் பற்றி நாம் எவ்வளவு கூசுவோமோ, அதே அளவு கூச்சம் அவர்களுக்கும் உண்டு.

இவ்வளவு செய்த பிறகும் ஐயாவுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அவர் பக்கம் நில்லுங்கள். அது அவருடைய வீடும்தான். ஆனால் பெட்டியைத் தெரிந்தவருக்கோ கடைக்கோ கொடுப்பதற்கு முன், செயலியில் அதைக் கணக்கிலிருந்து நீக்கி, பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.